மடங்காத ஆயிரம் பிராங்க்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. எங்கள் சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தாள் உண்டு. எண், எடை, தடிமன், மடிப்பு, கறை. கடைசியில் 'குறிப்புகள்' என்று மூன்று வரிக்கு ஒரு கட்டம். மாதிரி எண் 41-க்கு அந்தக் கட்டத்தில் பதினொரு வரி எழுதினேன். எழுத்தைச் சிறிதாக்கினேன், ஓரத்தில் ஏறினேன், கடைசியில் தாளைத் திருப்பியும் எழுதினேன். மேலாளர் கோத்ரி படித்துவிட்டு, "இது குறிப்பு இல்ல எலியான், கதை. கதைய வீட்டுக்குக் கொண்டு போ" என்றார்.

கொண்டு வந்துவிட்டேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். நோட்டை வெளியிடும் அலுவலகத்துக்குப் பெயர் வைக்கவில்லை. இப்படி ஒரு சோதனை உண்மையில் நடந்ததா என்று தேடாதீர்கள். கதைக்காக நானே நடத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்துக்கொள்வது எனக்கும் நிம்மதி.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மூன்று கடல் நிலங்களுக்கு ஒரே பணம். நூமேயாவில் வாங்கிய சம்பளத்தைத் தஹிட்டியில் செலவழிக்கலாம், வாலிஸில் மாதா கோயில் உண்டியலில் போடலாம். அந்தப் பணம் காகிதமாகவே இருப்பதா, பாலிமர் கலந்த புது நோட்டாக மாறுவதா என்று உரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்த ஆண்டில்"

இதோடு நின்றுவிட்டது. இது அறிக்கை. 'உரியவர்கள்' என்ற சொல் வந்ததும் கதைக்குள் இருந்தவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

இரண்டாவது:

"பாஸ்கால் செத்து ஐந்து மாதம் கழித்து, அவனுடைய காப்பிக் கிண்ணம் காலையில் ஈரமாக இருந்தது."

இது நல்ல வாக்கியம். அதனாலேயே சந்தேகப்படுகிறேன். நல்ல வாக்கியத்தை முதலில் வைத்தால் பின்னால் வருவதெல்லாம் அதற்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும். வேதியியல் கூடத்தில் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. செய்முறை முதலில். விளைவு பிறகு.

3

செய்முறை.

புது நோட்டு மூன்று அடுக்கு. நடுவில், பழைய நோட்டில் இருப்பதுபோலவே பருத்திக் காகிதம். இரண்டு பக்கமும் மயிரிழையைவிட மெல்லிய பாலிமர் படலம். காகிதம் எதையும் உறிஞ்சும்: வியர்வை, மீன் நீர், தேங்காய்ப்பால். படலம் எதையும் உறிஞ்சாது. இரண்டையும் ஒட்டினால் என்ன ஆகும் என்பது கேள்வி. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாது என்பது நாங்கள் எதிர்பார்த்த விடை.*

* உள்ளே போய்விட்டது வெளியே வருமா என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

புழக்கத்துக்கு அறுபது, உபரியாக ஐந்து நோட்டு அச்சாகி வந்தது. செல்லுபடியாகும் ஆயிரம் பிராங்க் நோட்டுகள், மூலையில் ஒரு சிறு எண்ணோடு. நூமேயாவில் இருக்கும் எங்கள் கூடத்துக்கு மறுபுறம், தீவின் கிழக்குக் கரையில், ஒரே பள்ளத்தாக்குக்குள் அறுபதும் ஆறு மாதம் புழங்கட்டும், பிறகு நாங்கள் போய்த் திரும்ப வாங்குவோம், வைத்திருப்பவருக்கு வேறு ஆயிரம் கொடுப்போம் என்று ஏற்பாடு. மழை, ஆற்றுச் சேறு, உப்புக்காற்று, கிழங்குத் தோட்டம். ஒரு நோட்டைச் சாகடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்றார் கோத்ரி. அது என் அப்பாவின் பள்ளத்தாக்கு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. பள்ளத்தாக்குக் குடும்பங்களின் பட்டியலில் என் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, வசூலுக்கு நீயே போய்விடு என்று அவராகவே சொல்லிவிட்டார்.

நோட்டுகளைப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரே கடை வழியாக விட்டோம். அங்கே கல்லாவில் இருப்பவள் ஒனரீன் அக்கா, என் பெரியப்பா மகள். முதல் வாரத்திலேயே 41-ஐ அவளே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சர்க்கரை வாங்க வந்த அவள் தம்பி பாஸ்கால் அதைப் பிடுங்கி, வாயருகே கொண்டுபோய் ஹா என்று ஊதினானாம். பனி படர்ந்ததாம். சட்டையில் துடைத்துவிட்டு, "மூக்குக் கண்ணாடியாக்கும்னு நெனச்சேன். இத வாங்கிட்டு ரொட்டி குடுப்பியா, இல்ல நான் மாட்டிக்கிட்டுப் படிக்கவா?" என்று கேட்டானாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

[இந்தப் பத்தியை அடித்துவிடலாமா? பின்னால் வருவதோடு அளவுக்கு மீறிப் பொருந்துகிறது. நான் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு பொருத்தமாகச் செய்ய வெட்கப்பட்டிருப்பேன். ஆனால் இது ஒனரீன் அக்கா போனில் சொன்னது. அவளுக்குக் கதை எழுத வராது. இருக்கட்டும்.]

4

மார்ச் வெள்ளத்தில் பாஸ்காலின் வண்டி தரைப்பாலத்திலிருந்து புரண்டது. இதைப் பற்றி மூன்று பத்தி எழுதிக் கிழித்தேன். அவனுக்கு முப்பத்தொரு வயது. நன்றாக நீந்துவான். அவ்வளவு போதும்.

எங்களில் பெயரும் நிலமும் அப்பா வழி. மூச்சு தாய்மாமன் வழி. பிள்ளை பிறந்ததும் தாய்மாமன் வந்து காதில் ஊதுகிறார். அன்றிலிருந்து அது மூச்சு விடுகிறது என்று பேச்சு. ஒருவன் செத்தால் அப்பா வீட்டார் கிழங்கும் துணியும் பணமும் தரையில் அடுக்கி, தாய்மாமன் முன்னால் நின்று, நீங்கள் தந்ததைக் காப்பாற்றத் தெரியவில்லை, இதோ திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வார்த்தை இல்லாமல் வைத்த துணி வெறும் துணி. சொல்லி முடித்ததும் மாமன் குனிந்து அதன்மேல் கையை வைப்பார். வைத்தால் செத்தவன் போகலாம்.

பாஸ்காலுக்கு என் பெரியப்பா பேசினார். துயி மாமா, அதாவது பாஸ்காலின் அம்மாவுடைய அண்ணன், கேட்டுக்கொண்டு நின்றார். மேலே இருந்த துணி ஒனரீன் அக்கா வைத்தது, பூப்போட்ட சிவப்பு மானு, நாங்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அகலத் துணி. அதன்மேல் 41. அவள் பையிலிருந்த நோட்டுகளில் அழுக்கில்லாமல் இருந்தது அது ஒன்றுதான். துயி மாமா குனிந்து கை வைத்தார். நானும் அங்கே இருந்தேன், பெண்கள் பக்கம், கடைசி வரிசையில். அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, மூலை மடங்கவில்லை, நல்லது என்பதுதான்.

5

ஜூலையில் வசூலுக்குப் போனேன். ஐம்பத்தாறு நோட்டு சுலபமாகக் கிடைத்தது. மூன்று காணாமல் போயிருந்தது. ஒன்று துயி மாமாவிடம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு மானுத் துணி, ஒரு நோட்டு, கொஞ்சம் புகையிலை வைத்து, இன்ன காரியமாக வந்தேன் என்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். அந்த நாலு வார்த்தையை வண்டியில் நாற்பது கிலோமீட்டர் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் வாசலில் துணியை வைத்தேன். புதிய காகித ஆயிரத்தை அதன்மேல் வைத்தேன். நிமிர்ந்தேன்.

"மாமா, இது…" என்றேன்.

அவர் காத்திருந்தார். ஒரு கோழி எங்களுக்கு நடுவே நடந்து போனது. எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவரே குனிந்து துணியைத் தொட்டார். நான் நிம்மதியாக மூச்சு விட்டு, அந்த பிளாஸ்டிக் நோட்டு வேண்டும் என்று கேட்டேன். அதுமட்டும் தெளிவாகக் கேட்டேன்.

அவர் உள்ளே போனார். சிவப்பு மானுவில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்தார். "மத்ததெல்லாம் எங்காளுங்களுக்குப் பங்கு போட்டுட்டேன். இது மட்டும் மடங்க மாட்டேங்குது. மடிச்சு வச்சா காலைல விரிஞ்சு கெடக்கு" என்றார்.

நான் தலையாட்டினேன். படலத்தின் இயல்பு அது. படிவத்தில் 'மீளும் தன்மை: மிக நன்று' என்று எழுதுவோம்.

நோட்டை என் உள்ளங்கையில் வைத்து, "சரி. உங்க ஆள நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

(இங்கே வாசகர் என்னைத் திட்டலாம். அவர் நின்ற இடத்தில் நின்று பாருங்கள். செத்தவனுடைய அப்பா வீட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள். துணி வைக்கிறாள், பணம் வைக்கிறாள், வார்த்தை சொல்லவில்லை. பிறகு, செத்தவனுக்காகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறாள். நான் விட்ட இடத்தை அவர் தன் வார்த்தையால் நிரப்பிக்கொண்டார்: கொடுத்ததை மாற்றிக்கொள்கிறோம், மூச்சைத் திருப்பித் தரவில்லை. எனக்கு அது ஆயிரத்துக்கு ஆயிரம்.)

6

கோத்ரி மதியச் சாப்பாட்டைத் தராசு மேசையில்தான் சாப்பிடுவார். ஏசி அங்கேதான் ஒழுங்காக வரும். அரை ரொட்டி, நடுவே பன்றிக்கறி. துகள் தராசில் விழுந்துவிடப் போகிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் போனதும் துடைப்பேன்.

அப்படித் துடைத்த ஒரு மதியத்தில்தான் முதலில் பார்த்தேன். படிவத்தில் இருக்கும் பதினொரு வரியில் முதல் நான்கு:

"12.50. முன்பக்கம் வலது மூலையில் பனித்திரை, விட்டம் ஏறக்குறைய ஐந்து செ.மீ. துடைத்தேன், போகவில்லை, படலத்துக்கு உள்ளே இருக்கிறது.
12.50. மறைந்தது.
12.50. வந்தது.
12.50. மறைந்தது."

ஓரத்தில் ஒட்டு விட்டிருக்கும், ஈரம் போய்வருகிறது என்றார் கோத்ரி. நோட்டுக்குச் சளி பிடித்திருக்கிறது, சும்மா விடு என்றார். உருப்பெருக்கியில் நான்கு ஓரத்தையும் பார்த்தேன். விடவில்லை. ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்ட கண்ணாடி ஜாடியில் நோட்டை இரண்டு நாள் வைத்தேன். ஜாடிக்குள் துளி ஈரம் இருந்தாலும் மணிகள் வெளுத்துச் சிவக்கும். மணிகள் நீலமாகவே இருந்தன. நோட்டு பனித்துக்கொண்டே இருந்தது.

எடை போட்டேன். பனிக்கும்போது இரண்டு மில்லிகிராம் கூடியது. தெளியும்போது குறைந்தது.

கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினான்கு. ஒருவேளை என் மூச்சுக் காற்று மேசையில் பட்டு ஏதோ ஆகிறதோ என்று என்னுடையதையும் எண்ணினேன். பதினெட்டு. ரொட்டி மென்றுகொண்டிருந்த கோத்ரியை அவருக்குத் தெரியாமல் எண்ணினேன். இருபத்தொன்று. அறையில் வேறு யாரும் இல்லை.*

* இதை எழுதும்போது இன்னொரு விளக்கம் தோன்றியது. பருத்தி, ஒட்டும் பசை, வெப்பம், அறையின் காற்றழுத்தம். அரைப் பக்கம் எழுதினேன். நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த விளக்கத்தின்படி நிமிடத்துக்கு ஒருமுறைதான் பனிக்க முடியும்.

7

ஆகஸ்டில் ஒனரீன் அக்கா போன் செய்தாள். மதியம்தான். ஜாடி என் முன்னால் இருந்தது.

"ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. துயி மாமாகிட்ட நீ என்னடி சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"அதத்தான் அவரும் சொல்றாரு. ஒண்ணும் சொல்லலன்னு."

அவளே முதலில் சிரித்தாள். பிறகு சொன்னாள். ஜூலை கடைசியிலிருந்து பாஸ்காலின் காப்பிக் கிண்ணம் காலையில் ஈரமாக இருக்கிறது. அவனுக்கு ஒரு இருமல் உண்டு, புகையிலை இருமல். அது அடுப்படியில் கேட்கிறது, இப்போது கொஞ்சம் தண்ணீரோடு. முதலில் அவள் பயப்படவில்லை. என் தம்பிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாளாம். துயி மாமாவிடம் கேட்டதற்கு, உங்க ஆளைத்தான் உங்க வீட்டுப் பொண்ணு வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாளே என்று சொல்லியிருக்கிறார்.

"இப்ப அடுப்படியில இல்லடி. என் கட்டிலுக்குப் பக்கத்துல வந்துட்டான்" என்றாள்.

அவளுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. வீட்டுக்காரர் நிக்கல் சுரங்கத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவார்.

"யோசிச்சுப் பாரு. என் பிள்ளைக்குத் தாய்மாமன் யாரு? அவன்தானே. ஒழுங்கா அனுப்பி வச்சிருந்தா, அவன் எடத்துல நம்ம சித்தப்பா மகன் வந்து ஊதிட்டுப் போவான். இப்ப அவனே இங்க இருக்கானே. அவனே ஊதுவான். அது தன் கடமைன்னு அவனுக்குத் தெரியும். தான் செத்தது தெரியாது."

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

"தண்ணி ரொம்பின மூச்சுடி அது" என்றாள் அக்கா. "என் பிள்ளை காதுல அது போகக் கூடாது."

ஜாடியைப் பார்த்தேன். எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது, வேகம் கூடியிருந்தது.

[கடைசி வாக்கியத்தை மூன்று முறை அடித்துத் திரும்ப எழுதியிருக்கிறேன். எண்ணாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. படிவத்தில் இதைச் சேர்க்கவில்லை.]

8

துயி மாமா எனக்குச் சரியாக வரவில்லை. முதல் வரைவில் அவரை ஒரு பயங்கர மனிதராக எழுதினேன். கண்கள், மௌனம், குடில் வாசலில் புகை. பொய். அவர் சந்தையில் வெண்ணெய்ப் பழம் விற்கிறார், இரும்புக் குண்டு விளையாட்டில் எல்லாருக்கும் தெரியும்படி ஏமாற்றுகிறார், முழங்கால் வலிக்காரர். என்மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை. ஒரு பெண் துணி வைத்துக் கேட்டாள், அவர் கொடுத்தார். கதையில் தப்புச் செய்தவர் ஒருவர்தான்.

ஆகவே முடிவுகள்.

முடிவு அ. அட்டவணைப்படி, செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, திரும்பி வந்த எல்லா நோட்டையும் கரைப்பானில் ஊறவைத்துப் படலத்தை உரிக்க வேண்டும். 41-ஐயும் உரிக்கிறேன். உள்ளே பருத்தி, உலர்ந்த வெள்ளைப் பருத்தி. வேறு ஒன்றும் இல்லை. குறை எதுவும் காணப்படவில்லை என்று எழுதுகிறேன். புது நோட்டு மூன்று நிலங்களுக்கும் போகிறது, லட்சம் லட்சமாக. அறிவுள்ள வாசகருக்கு இது பிடிக்கும். நான் இதை எழுதத் தொடங்கினேன்: "வெள்ளிக்கிழமை காலை இடுக்கியால் மூலையைப் பிடித்து, மெதுவாக, ஒரு கண்ணிமையைத் திறப்பதுபோல"

இல்லை. அதற்கு மேல் போக முடியவில்லை.

முடிவு ஆ. இழுப்பறையில் புழக்கத்துக்கு விடாத உபரி நோட்டு ஐந்து இருக்கிறது. அதில் ஒன்றின் எண்ணைச் சுரண்டி 41 என்று மாற்றி, அதை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சோதனை கெடாது, சடங்கும் கெடாது. இதை எழுதவில்லை, செய்தே பார்த்தேன். சுரண்டிய நோட்டை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். அது சும்மா கிடந்தது. எவ்வளவு சும்மா கிடந்தது என்றால், அதைப் பார்த்த பிறகுதான் மற்றது சும்மா இல்லை என்று எனக்கு முழுதாகப் புரிந்தது.

முடிவு இ-க்கு நான் பேச வேண்டும். அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

9

வியாழக்கிழமை காலை 41-ன் படிவத்தில், 'நிலை' என்ற இடத்தில் 'உரியவரிடம் திருப்பி அளிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோத்ரி முன்னால் வைத்தேன். பனிப்பதைப் பற்றி எழுதிய குறிப்பும் அதே தாளில் இருந்தது. அந்தக் குறிப்பு மேலே போனால், படலத்துக்குள் ஈரம் என்று ஒரு கேள்வி கிளம்பும். மூன்று நிலங்களின் புது நோட்டு இன்னும் பல ஆண்டு தள்ளிப்போகலாம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பணத்துக்கு உரியவர் யார், அது எல்லாருடையதும்தானே என்று கேட்டார். அடுத்துத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் அந்தத் தாளை மட்டும் மற்ற படிவங்களிலிருந்து பிரித்தெடுத்து என்னிடம் நீட்டி, கதை என்றார். அதுதான் நான் முதலில் சொன்னது. வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார். பிறகு வசூல் கணக்கில் ஐம்பத்தேழு என்று இருந்த இடத்தில் ஐம்பத்தாறு என்று திருத்தினார்.

"ஜாடியையும் எடுத்துட்டுப் போயிரு, எலியான்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு வாரமாக அவர் மதியச் சாப்பாட்டை வெயிலில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

10

முடிவு இ. இது நடந்தது, அல்லது இதுவரை நடந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் துயி மாமா வாசலில் நின்றேன். ஒனரீன் அக்காவை விடியும்போதே கரையோர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், சொன்ன தேதிக்கு எட்டு நாள் முன்னால். அவள் வீட்டுக்காரர் சுரங்கத்திலிருந்து நேராக அங்கே போயிருந்தார். சித்தப்பா மகன் கடலுக்குப் போனவன் இன்னும் கரை சேரவில்லை.

அதே சிவப்பு மானுவைக் கடையில் தேடி வாங்கியிருந்தேன். விரித்தேன். 41-ஐ வைத்தேன். இளவெயிலில் அது பனிப்பதும் தெளிவதும் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மாமாவும் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"இன்னிக்கு நாக்கக் கொண்டாந்திருக்கியா?" என்றார்.

தலையாட்டினேன்.

"தலையாட்டுறது வார்த்தை இல்ல பொண்ணே. அன்னிக்கு நீ சும்மா நின்ன. உனக்காக நான் வார்த்தை போட்டுக்கிட்டேன். அது தப்புன்னா சரியானத நீ போடு. நான் நிக்கிறேன்."

வண்டியில் எழுதிவைத்த பேச்சு மூன்று பக்கம் பையில் இருந்தது. அதில் ஒன்றில் கடலும் மரங்களும் வந்தன. இன்னொன்றில் பாலிமர் என்ற சொல் இரண்டு முறை வந்தது. எதையும் எடுக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே தருகிறேன். திருத்தவில்லை.

"மாமா, அன்னிக்கு நான் வச்ச துணி வாசல் கேக்க வச்சது. திருப்பிக் கேக்க இல்ல. எனக்குப் பேச வரல, பயந்துட்டேன். நோட்டு நோட்டுதானேன்னு எடுத்துட்டுப் போயிட்டேன். அது நோட்டு இல்ல. பாஸ்கால் அண்ணனோட மூச்சு. உங்க வீட்டு மூச்சு. அத நாங்க தண்ணியில விட்டுட்டோம். அப்பறம் நான் ஒரு கண்ணாடி ஜாடியில போட்டு மூடி வச்சேன். மன்னிச்சிருங்க. இப்பத் திருப்பித் தரோம். நீங்க வாங்கிக்கங்க. அவர் போகட்டும். அங்க ஒரு பிள்ளை வருது, அதோட காதுப்பக்கம் அவர் போகக் கூடாது."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

துயி மாமா ஒரு கையை முழங்காலில் ஊன்றினார். குனியத் தொடங்கினார்.

அப்போது என் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. அக்காவின் வீட்டுக்காரர் எழுதியிருந்தார்: "ஆம்பளப் பிள்ளை. இன்னும் அழல."

மாமாவின் கை துணிக்கு ஒரு முழம் மேலே இருக்கிறது. வலிக்கும் கால், அவருக்குக் குனிய நேரம் பிடிக்கும். துணிமேல் நோட்டு தெளிந்திருக்கிறது. அடுத்துப் பனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, இன்னும் பனிக்கவில்லை. உள்ளே இருந்தது வெளியே போய்விட்டது. எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியவில்லை. கையில் போன் இரண்டாவது முறையாக அதிர்கிறது.

இங்கே நிறுத்துகிறேன்.

நீங்கள் கேட்பீர்கள்: வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறாய், அப்படியானால் அந்த இரண்டாவது செய்தி என்ன என்று உனக்குத் தெரியுமே. தெரியும். அதில் நான்கு சொல் இருந்தது. அதை இங்கே எழுதினால் அது ஒன்றுதான் நடந்ததாக ஆகிவிடும். நான் நிறுத்தி வைத்திருக்கும் வரை அந்தச் செய்தி திறக்காது. பிள்ளையின் கட்டிலருகே பாஸ்கால் இன்னும் குனிந்து முடிக்கவில்லை. மாமாவும் குனிந்து முடிக்கவில்லை. இரண்டு பேரும் பாதியில் நிற்கிறார்கள்.

நிறுத்துவது மட்டும்தான் எனக்கு வரும். இனி நகர்த்த வேண்டியது நீங்கள். இரண்டில் எதை முதலில் நகர்த்துவது என்று உங்களைக் கட்டாயப்படுத்த என்னால் முடியாது. கேட்க மட்டும் முடியும், வாய்விட்டே கேட்கிறேன்.

மாமாவின் கையை முதலில் இறக்குங்கள்.